பின்பக்கம் சுவர் இல்லாத ஹெட்ஃபோன்: உங்க வீட்டுக்கு ஒத்து வருமா?

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

இன்னிக்கு ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் பத்திப் பேசப்போறோம். ஒயர் உள்ளது, வீட்டுல உட்கார்ந்து பாட்டு கேட்கிறதுக்குன்னு வாங்குறது. "எந்த மாடல் நல்லது?"ங்கிறதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் திருப்பிக் கேட்கிறது ஒன்னே ஒன்னுதான்: "உங்க ரூம்ல ஃபேன் எத்தனைல ஓடுது?"

சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்து ஆளுங்களுக்குச் சொன்னா டக்குனு புரியும். பட்டாசுச் சத்தத்துக்கு நம்ம நாட்டுல சட்டப்படி ஒரு வரம்பு இருக்கு. 1999-ல வந்த விதி. வெடிக்கிற இடத்துலேர்ந்து 4 மீட்டர் தள்ளி அளந்தா 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. உச்சத்தை மட்டும் பிடிக்கிற இன்னொரு முறையில அளந்தா 145-ஐத் தாண்டக் கூடாது. அந்த விதி அளவோட நிக்கல, அளக்கிற இடத்தையும் சேர்த்தே சொல்லுது. தரை கெட்டியான கான்கிரீட்டா இருக்கணும், குறைஞ்சது 5 மீட்டர் விட்டம். சுத்தி 15 மீட்டருக்கு சத்தத்தைத் திருப்பி அனுப்புற சுவர் எதுவும் இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிஷன்? அதே வெடியைப் பொட்டல்ல போட்டா ஒரு சத்தம். ரெண்டு பக்கமும் மாடி வீடு நிக்கிற சந்துல போட்டா வேற சத்தம். இடத்தைச் சொல்லாம சத்தத்தைப் பத்திப் பேச முடியாது.

ஹெட்ஃபோன் ரிவ்யூ எல்லாமே அமைதியான ஒரு ரூம்ல வெச்சு எழுதுனது. நீங்க கேட்கப்போறது மே மாசத்து விருதுநகர்ல, ஃபேன் அஞ்சுல ஓடுற, ஜன்னல் திறந்து கிடக்கிற ரூம்ல. இந்த வித்தியாசம் மத்த ஹெட்ஃபோனை விட ஓப்பன் பேக்குக்குத்தான் ரொம்ப முக்கியம். ஏன்னு பார்ப்போம்.

பொட்டலும் சந்தும்

சாதாரண ஹெட்ஃபோன்ல ஸ்பீக்கருக்குப் பின்னாடி மூடின கிண்ணம் இருக்கும். சத்தம் முன்னாடி காதுக்குப் போகுது, பின்னாடி போறது கிண்ணத்துல முட்டித் திரும்புது. அது சந்துல வெடி போட்ட மாதிரி. பாஸ் அழுத்தமா விழும், வெளிச் சத்தம் உள்ளே வராது, ஆனா பாட்டு மண்டைக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிற மாதிரி ஒரு உணர்வு இருக்கும்.

ஓப்பன் பேக்ல அந்தப் பின்சுவரே கிடையாது. கம்பி வலையோ சல்லடையோதான் இருக்கும். பின்னாடி போற சத்தம் காத்துல கலைஞ்சு போயிடும். அதனால பாட்டு கொஞ்சம் விலகி, அகலமா, காத்தோட்டமா கேட்கும். ஜெர்மனியில சென்ஹைசர் கம்பெனி 1968-ல கொண்டுவந்த எச்டி 414-தான் இந்த வகையில முதல்ல வந்தது. மஞ்சள் ஸ்பாஞ்சு போட்ட படத்தை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

சுவர் இல்லைன்னா ரெண்டு பக்கமும் போக்குவரத்து நடக்கும். நீங்க கேட்கிற பாட்டு வெளியே போகும். வெளியில இருக்கிற ஃபேன், மிக்ஸி, பக்கத்து வீட்டு சீரியல் எல்லாம் உள்ளே வரும். இது ரிப்பேர் கிடையாது, செஞ்சதே அப்படித்தான். இன்னிக்கு நான் பேசப்போற எல்லாமே இந்த ஒரு விஷயத்துலேர்ந்து கிளம்புறதுதான்.

முதல் தேர்வு ஃபேனுக்கு

ஃபேன் போடுற "ஊ"ங்கிற காத்துச் சத்தம் பாட்டுல இருக்கிற மெல்லிய விஷயங்களை முழுங்கிடும். வயலின் அடங்குற இடம், பாடுறவங்க மூச்சு எடுக்கிற இடம், தம்புராவோட ரீங்காரம். அது கேட்கலைன்னா நம்ம கை தானா வால்யூமுக்குப் போகும். ரெண்டு புள்ளி ஏத்துவோம். அப்புறம் இன்னும் ரெண்டு. அரை மணி நேரத்துல அது பழகிடும்.

இங்கேதான் கவனிக்கணும். உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்குச் சொல்ற வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-ன்னா 20 மணி நேரம். 86-ன்னா 10. 89-ன்னா 5. அதாவது ஃபேனை ஜெயிக்கிறதுக்காக நீங்க 9 டெசிபல் ஏத்தினா, வாரம் முழுக்க நிம்மதியா கேட்கக் கிடைச்ச நேரம் எட்டுல ஒரு பங்கா சுருங்கிடும். 9 டெசிபல் ஏத்துனது உங்களுக்கே தெரியாது, "இப்பதான் நல்லா கேட்குது"ன்னு தோணும், அவ்வளவுதான்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடியே, காசு செலவில்லாம ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. பழைய போனோட டப்பாவுல வந்த இயர்போன் இருக்கா? ரப்பர் முனை இல்லாத, வெறும் பிளாஸ்டிக்கா இருக்கிறது. அதுவும் வெளிச் சத்தத்தைப் பெருசா தடுக்காது, அந்த விஷயத்துல ஓப்பன் பேக் மாதிரிதான். ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு, இதமா கேட்கிற அளவுல ஒரு பாட்டை வைங்க. வால்யூம் எத்தனாவது புள்ளியில இருக்குன்னு குறிச்சுக்கோங்க. இப்போ ஃபேனை வழக்கமா வைக்கிற வேகத்துல போடுங்க. முன்ன மாதிரி இதமா கேட்கணும்னா எத்தனை புள்ளி ஏத்த வேண்டியிருக்கு?

ஒன்னு ரெண்டுன்னா, தைரியமா ஓப்பன் பேக் பக்கம் வாங்க. நாலு அஞ்சுன்னா, அந்த ரூமுக்கு மூடின ஹெட்ஃபோன்தான் ஒத்து வரும். எவ்வளவு காஸ்ட்லியான மாடலா இருந்தாலும் இந்த முடிவு மாறாது. இல்லைன்னா கேட்கிற நேரத்தை மாத்துங்க. கோடைல அதிகாலை அஞ்சு மணிக்கு ஃபேனை ரெண்டுல வெச்சாலும் தாங்கும். அப்போ தெருவும் தூங்கிட்டு இருக்கும்.

காதும் களைச்சுப் போகும்

சிவகாசில அச்சகம் ஜாஸ்தி. ஆஃப்செட் மெஷின் பக்கத்துல எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் டிவி சத்தம் கம்மியா இருக்கிற மாதிரி தோணும். சத்தத்துல ரொம்ப நேரம் இருந்தா காது தற்காலிகமா மந்தமாகும். ஓய்வு கொடுத்தா பெரும்பாலும் தெளியும். திரும்பத் திரும்ப அப்படியே ஆனா ஒரு கட்டத்துல தெளியாமலே நின்னுடும்.

அதனால வேலை விட்டு வந்த உடனே புது ஹெட்ஃபோனை மாட்டித் தீர்ப்பு சொல்லாதீங்க. மந்தமான காதுக்கு நல்ல ஹெட்ஃபோனும் சப்புன்னு இருக்கும். ட்ரெபிள் தூக்கலான ஒன்னு "ஆஹா, என்ன தெளிவு"ன்னு தோணும். மறுநாள் காலையில அதே ஹெட்ஃபோன் காதைக் குத்தும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்திரிச்சுக் கேளுங்க.

தீபாவளிக்கும் இதேதான். வெடி போட்டு முடிச்சு காதுக்குள்ள "கொய்ங்"னு கேட்டுட்டு இருந்தா, அன்னிக்கு ஹெட்ஃபோனைத் தொடாதீங்க. மறுநாளும் அது நிக்கலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. இன்னொன்னு, வெடிச் சத்தம் நடுவுல ஓப்பன் பேக் மாட்டிட்டு "காதை மூடிட்டேன்"னு நினைக்காதீங்க. அது தலையில இருக்கிற ஜன்னல், அதுவும் திறந்த ஜன்னல்.

எதைக் கேட்டுப் பார்க்கிறது?

ஓப்பன் பேக்னா "சவுண்ட் ஸ்டேஜ்" பெருசுன்னு எல்லா ரிவ்யூலயும் சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா நீங்க என்ன பாட்டு கேட்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது.

1962-ல வந்த "கொஞ்சும் சலங்கை" படத்துல காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் எஸ். ஜானகி குரலும் மாறி மாறி வர்ற பாட்டு உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்து சினிமாப் பாட்டு மோனோ பதிவு. ரெண்டு காதுலயும் ஒரே விஷயம்தான் வரும். எவ்வளவு பெரிய ஹெட்ஃபோன் மாட்டினாலும் நாதஸ்வரம் இடது பக்கமும் குரல் வலது பக்கமும் பிரிஞ்சு நிக்காது, நடு மண்டையிலதான் நிக்கும். நீங்க கேட்கிறதுல பாதி எழுபதுகளுக்கு முந்தின பாட்டுன்னா, மேடை அகலத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீங்க.

ஆனா அதே பாட்டு இன்னொரு விஷயத்துக்கு அருமையான சோதனை. நாதஸ்வரத்தோட நாதம் உரசலும் கூர்மையும் கலந்தது. நல்ல ஹெட்ஃபோன்ல அந்த உரசல் இருக்கும், ஆனா காதைக் கிழிக்காது. குரலும் நாதஸ்வரமும் ஒரே சுரத்துல வரும்போது ரெண்டும் குழையாம தனித்தனியா அடையாளம் தெரியணும். இதுல தேறின ஹெட்ஃபோனுக்கு நடு அலைவரிசை ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்.

ஸ்டீரியோவுக்குன்னா 1978-ல வந்த "ப்ரியா" படப் பாட்டுகளை எடுத்துக்கோங்க. ஸ்டீரியோ பதிவுக்காகவே அன்னிக்குப் பேசப்பட்ட படம். 1986-ல இளையராஜா வெளியிட்ட "ஹவ் டு நேம் இட்" ஆல்பமும் இதுக்கு நல்லது. வயலின்கள் எந்தப் பக்கம் இருக்கு, ஒன்னுக்கு ஒன்னு எவ்வளவு இடைவெளின்னு கண்ணை மூடிக்கிட்டு கையால காட்ட முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா, மேடை இருக்கு.

மூணாவது, "ச", "ஸ" எழுத்துக்கள். உங்களுக்கு நல்லா பழக்கமான ஒரு எஸ்.பி.பி பாட்டைப் போட்டு, அந்த எழுத்து வர்ற இடமெல்லாம் "ஸ்ஸ்"னு சீறுதான்னு கவனிங்க. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ மாதிரி ட்ரெபிள் தூக்கலான மாடல்ல இது சிலருக்கு ஒத்துக்காது. சிலருக்கு அதுதான் பிடிக்கும். முக்கால் மணி நேரம் கேட்டாத்தான் நீங்க எந்தக் கட்சின்னு தெரியும். கடையில ரெண்டு நிமிஷம் கேட்டா சீறல் "தெளிவு"ன்னுதான் தோணும்.

கடைசியா தவில். வலந்தலை அடி "டங்"னு வந்து நிக்கணும், இழுக்கக் கூடாது. இதுல ஓப்பன் பேக் பொதுவா ஜெயிக்கும். ஆனா வயிறு அதிர்ற குத்துப் பாட்டு பாஸ் வேணும்னா இங்கே கிடைக்காது. பின்சுவர் இல்லாததுக்குக் கொடுக்கிற விலை அது. அந்த அதிர்வைத் தேடி வால்யூமை ஏத்தினா பாஸ் கொஞ்சம்தான் வரும், மத்த எல்லாம் காதுல இடியா இறங்கும். ப்ளேனர் மேக்னெட்டிக் வகையில பாஸ் இன்னும் கீழே வரைக்கும் போகும், ஆனா தலையில எடை கூடும்.

போன் இழுக்குமா?

"ஆம்ப் வாங்கியே ஆகணுமா?" இது அடுத்த கேள்வி. எல்லாரும் ஓம் அளவை மட்டும் பார்த்துட்டுப் பயப்படுறாங்க. சென்ஹைசர்லயே ரெண்டை எடுத்துக்குவோம். எச்டி 600 மாடல் 300 ஓம். எச்டி 560எஸ் 120 ஓம். அதே 1 வோல்ட் கொடுத்தா, கம்பெனி கணக்குப்படி முதலாவது 97 டெசிபல் கொடுக்கும், ரெண்டாவது 110 டெசிபல். 13 டெசிபல் வித்தியாசம். அதாவது ரெண்டாவதை எந்தப் போனும் சுலபமா இழுத்துடும்.

இப்போ பல போன்ல ஹெட்ஃபோன் ஓட்டையே கிடையாது, சின்ன யூஎஸ்பி சி டாங்கிள் போடணும். சில டாங்கிள் 1 வோல்ட் வரை கொடுக்கும், சிலது அரை வோல்ட்தான். அரை வோல்ட்டுன்னா 6 டெசிபல் குறையும். அப்போ எச்டி 600-க்கு உச்சத்துல 91 கிடைக்கும். பாட்டோட சராசரி சத்தம் உச்சத்தை விட நல்லாவே கீழே இருக்கும்ங்கிறதால, அமைதியான ரூம்ல இது போதும். கர்நாடக சங்கீதக் கச்சேரி மாதிரி ரொம்ப மெல்லிசா பதிவானதுக்கு மட்டும் பத்தாம போகலாம். ஃபேன் அஞ்சுல ஓடுற ரூம்லயும் பத்தாது. ஆனா அங்கே ஆம்ப் வாங்கி நீங்க பண்ணப்போறது என்ன? ஃபேனோட சண்டைக்கு ஆயுதம் வாங்குறதுதான். நஷ்டம் காதுக்கு.

அட்டையில இருக்கிற எண்ணை ஒப்பிடும்போது ஒரு விஷயம் பாருங்க. சில கம்பெனி 1 வோல்ட்டுக்கு எவ்வளவுன்னு போடும், சில கம்பெனி 1 மில்லிவாட்டுக்கு எவ்வளவுன்னு போடும். ரெண்டையும் நேரா பக்கத்துல வெச்சுப் பார்க்கக் கூடாது. கிலோவையும் படியையும் ஒப்பிடுற மாதிரி ஆயிடும்.

வெயிலும் வேர்வையும்

ரிவ்யூ எழுதுறவங்க பாதிப் பேரு குளிர் ஊர்க்காரங்க. நமக்கு இது பெரிய விஷயம். காத்து போய் வர்றதால ஓப்பன் பேக் காதை அவ்வளவா வேக வைக்காது, மூடின ஹெட்ஃபோனை விடத் தெளிவா நல்லது. பேட் துணியா, ரெக்சினான்னு பாருங்க. ரெக்சின் வேர்வையில ஊறி ரெண்டு மூணு வருஷத்துல கருப்பு கருப்பா உரிஞ்சு கழுத்துல ஒட்டும். வெல்வெட் மாதிரித் துணி பேட் உறுத்தாது, ஆனா எண்ணெய் தலையோட மாட்டினா சீக்கிரம் அழுக்கேறும். எப்படி இருந்தாலும், பேட் தனியா விற்கிறாங்களான்னு விசாரிக்காம வாங்காதீங்க. பேட் கிடைக்கலைன்னா ஹெட்ஃபோனோட ஆயுசு பேட்டோட ஆயுசுதான்.

எடைக்கு ஒரு கணக்கு. எச்டி 560எஸ் கேபிள் இல்லாம 240 கிராம், தலையில இருக்கிறதே பெருசா தெரியாது. ப்ளேனர்ல 400-ஐ ஒட்டிப் போகும்போது ஒரு படம் முடியிறதுக்குள்ள உச்சந்தலை வலிக்கும்.

கேபிள் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும், முதல்ல போறது அதுதான். வீட்டுல கேட்கிற மாடலுக்கு 3 மீட்டர் நீளம் கொடுப்பாங்க, முனையில தடிச்ச 6.3 மி.மீ பின் இருக்கும். மேஜையில உட்கார்ந்து கேட்க வசதி. போனைச் சட்டைப் பையில வெச்சுட்டு வீட்டுக்குள்ள நடந்தா, அந்தக் கேபிள் நாற்காலி கால்ல சுத்தி உங்களைத் திருப்பி இழுக்கும்.

யாருக்கு வேண்டாம்?

பஸ்ல போகும்போது கேட்க வேண்டாம். விருதுநகர்லேர்ந்து மதுரைக்குப் போற பஸ்ல ஓப்பன் பேக் மாட்டினா, டிரைவர் போடுற பாட்டுதான் உங்களுக்குக் கேட்கும், உங்க பாட்டு பக்கத்து சீட்டுக்குக் கேட்கும். ஒரே ரூம்ல தம்பி படிக்கிறான், அம்மா படுத்திருக்காங்கன்னாலும் யோசிங்க. அமைதியான ராத்திரியில அந்தச் சத்தம் "சிக் சிக்"னு அவங்க தூக்கத்தைக் கெடுக்கும். பங்குனிப் பொங்கல் சமயத்துல தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டியிருக்கும்போதும் கழட்டி வெச்சிடுங்க. அந்த ஒரு வாரத்துக்குத் தெருதான் உங்க ப்ளேலிஸ்ட். நாள் முழுக்க ஆபீஸ் கால் பேசுறவங்களுக்கும் இது சரி வராது, பெரும்பாலும் மைக்கே இருக்காது.

காது திறந்திருக்கிறதோட அர்த்தம்

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் ஓப்பன் பேக்? நல்ல சத்தம்ங்கிறது ஒரு காரணம். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கு.

இங்கே தெருவுக்கு நாலு வீட்டுலயாவது ஒருத்தர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குப் போயிட்டு வர்றாங்க. பகல்ல தூரத்துல பெருசா ஒரு சத்தம் கேட்டா, கையில இருக்கிற வேலையை அப்படியே விட்டுட்டுப் போனைத் தேடுவாங்க. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில நடந்தது யாருக்கும் மறக்கல. இந்த ஊருல காதைத் திறந்து வெச்சிருக்கிறது ஒரு பழக்கம். வெளியே கேட் தட்டுறது, பாட்டி கூப்பிடுறது, உள்ரூம்ல போன் அடிக்கிறது, இதெல்லாம் கேட்டுக்கிட்டே பாட்டும் கேட்கணும்னா, வெளிச் சத்தத்தை அழிக்கிற ஹெட்ஃபோன் உதவாது. ஓப்பன் பேக் உதவும்.

ஆனா ஒரே ஒரு கண்டிஷன். வால்யூம் கம்மியா இருக்கணும். ஏத்திட்டீங்கன்னா பாட்டி கூப்பிடுறதும் கேட்காது, காதும் போகும், பாட்டோட காத்தோட்டமும் போகும். பின்சுவர் இல்லாம நீங்க வாங்குன அத்தனை நல்லதும் அந்த வால்யூம் பட்டன்ல கரைஞ்சிடும். அதனாலதான் முதல்ல ஃபேனைப் பத்திக் கேட்டேன். சத்தத்தை ஏத்தாம கேட்க முடியுற ரூம் இருந்தாத்தான் ஓப்பன் பேக்குக்கு அர்த்தம்.

ஆக, வரிசை இதுதான். முதல்ல பழைய இயர்போனை வெச்சு ரூமைச் சோதிங்க. அடுத்தது, வீட்டுல யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரம் உங்களுக்குக் கிடைக்குமான்னு பாருங்க. மூணாவது பேட், எடை, கேபிள். நாலாவதுதான் மாடல். கடையில கேட்டுப் பார்க்க முடிஞ்சா கேளுங்க, ஆனா திருப்பிக் கொடுக்க வசதி இருக்கிற இடத்துல வாங்குங்க. ஏன்னா கடைசித் தீர்ப்பு உங்க வீட்டுலதான். எண்ணெய் பரோட்டாவைக் கடையில சுடச்சுடச் சாப்பிட்டுட்டு "பார்சலும் இப்படித்தான் இருக்கும்"னு நினைக்கக் கூடாது இல்லையா, அதே கதைதான்.

உங்க ரூம்ல ஃபேன் சோதனை பண்ணிட்டு எத்தனை புள்ளி ஏறுச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன். அதுல மூடின ஹெட்ஃபோன்களைப் பத்திப் பேசுவோம். ஓப்பன் பேக் ஒத்து வராதவங்க மனசு விட்டுடாதீங்க, உங்களுக்கும் நல்ல சாமான் இருக்கு. அதுவரைக்கும் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சே வைங்க.